மூட்டையோடு கீழே இறங்கும் தாய்

அலை ஓய்ந்த பிறகு ஸ்நானம் செய்யலாம் என்று காத்திருப்பவரைக் கண்டு நாம் சிரிக்கிறோம், அல்லவா? வட கடலில் ஒரு பிராணி காத்திருப்பதே இல்லை. மேலே கொந்தளிப்பு வலுத்தால், மூட்டை முடிச்சோடு கீழே குடி போய்விடுகிறது!

மூட்டை என்றது வேடிக்கைக்காக அல்ல. 'ஓயித்தோனா' என்ற இந்த ஜீவன் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. இறாலுக்குத் தூரத்து உறவு. தாய், தன் முட்டைகளை இரண்டு பைகளில் வைத்து, இரு பக்கமும் சுமந்துகொண்டே திரிகிறது.

இரையை அது துரத்துவதில்லை. அசையாமல் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஏதேனும் நுண்ணுயிர் நீந்தினால், நீரில் எழும் சலனத்தை மீசை மயிர்களால் உணர்ந்து, ஒரே தாவலில் பிடித்துவிடும். கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது காதருகே ரகசியம் சொன்னால் உங்களுக்குக் கேட்குமா? காற்று மேல்நீரைக் கடையும்போது அதன் கதியும் அதுதான். ஆகவே அமைதியான ஆழத்தை நாடுகிறது. விஸ்ஸர் என்பவரும் அவருடைய மூன்று சகாக்களும் வட கடலில் இதைக் கண்டு, 2001-ல் எழுதினார்கள்.

கலக்கம் எல்லாமே கெடுதல் என்று எண்ணிவிடாதீர்கள். மிதமாகக் கலங்கினால் இரை தானே அருகில் வரும் என்று 1988-ல் ராத்ஸ்சைல்டும் ஆஸ்பர்னும் கணக்கிட்டுக் காட்டினார்கள். மிஞ்சினால்தான் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.

மீன் குஞ்சுகளின் பாடுதான் பரிதாபம். இத்தகைய பிராணிகளின் குஞ்சுகளே அவற்றுக்கு ஆகாரம். அதையும் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஆகாரம் ஆழத்துக்குப் போய்விட்டால் மங்கலில் தேடுவது கஷ்டம். முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கருவோ, சில நாட்களுக்குத்தான் தாங்கும்.