சோப்பு நல்ல சோப்புதான்... ஆனால்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, 'நீர் மாசுபாடு' என்று ஏதாவது பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற மாதம் முதலாமாண்டுத் தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். "அண்ணா, ஒரு அரை மணி நேரம் ஒதுக்குவீங்களாண்ணா? ஒரு நல்ல பிளான் காட்டணும்" என்றார். கையில் பச்சை இலை படம் போட்ட ஒரு பாட்டில்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே விடுதியில், இதே வசனத்தை அறை அறையாகச் சொல்லித் திரிந்தவன் நான்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சேர்ந்த கதை

எங்கள் ஊர் நொய்யல் கரை. சாயப்பட்டறைக் கழிவால் எங்கள் கிணறு நான் பிறப்பதற்கு முன்பே உப்பாகிவிட்டது. "இந்தத் தண்ணியில ஒரு காலத்துல மஞ்சள் வெளஞ்சுதுடா" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 'சுற்றுச்சூழல்' என்ற வார்த்தையைக் கேட்டாலே காது கொடுப்பவனாக நான் வளர்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலாமாண்டில் ஊர்க்கார அண்ணன் ஒருவர் என்னை ஒரு திருமண மண்டபத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் கோட், டை அணிந்த ஒருவர். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் டிங்சர் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் பழுப்பாயிற்று. "இதுதான் இன்றைய நொய்யல்!" என்றார். பிறகு தங்கள் பாட்டிலிலிருந்து சில துளிகள் விட்டார். ஒரே நொடியில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. மண்டபமே கை தட்டியது. அதிகமாகத் தட்டியவன் நானாகத்தான் இருப்பேன்!

"தம்பி, இது வியாபாரம் இல்லீங்க, சேவைங்க. ஆறும் சுத்தமாகும், உங்க குடும்பமும் முன்னுக்கு வரும்" என்றார்கள். சேர வேண்டுமானால் 6,000 ரூபாய்க்கு ஒரு 'பசுமைப் பெட்டி' வாங்க வேண்டும். நாம் ஒருவரைச் சேர்த்துவிட்டால் நமக்கு 600 ரூபாய். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று கேட்டார்: "ஏங்கண்ணு, உங்க அப்பத்தா சாம்பலையும் புளியையும் வெச்சுத்தான பாத்திரம் வெளக்குனா? அதுக்கு யாரு மீட்டிங் போட்டாங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே என் அறை நண்பனைச் சேர்த்தேன். அவன் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அந்த வருடத்துத் தீபாவளி போனஸ் அப்படியே பெட்டிக்குப் போயிற்று. என் கைக்கு 600 ரூபாய் வந்தது. அவனுக்குக் கீழே ஒருவர்கூடச் சேரவில்லை. எனக்கும் அவனைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பாட்டில்கள் தூசி படிந்தன. நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டே பேச்சைக் குறைத்துக்கொண்டோம்.

(கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒன்று போனால் இன்னொன்று வரும்.)

ஏன் சோப்பு? ஏன் பச்சை?

இந்த வியாபாரம் புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1959-ல் இரண்டு நண்பர்கள் தொடங்கிய ஆம்வே நிறுவனத்தின் முதல் சரக்கே மக்கும் தன்மையுள்ள திரவ சோப்புதான். அடர்த்தியான சரக்கு, தண்ணீர் கலந்து பயன்படுத்துவது. அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே வழியில் வந்தன. காரணங்களை யோசித்தால் புரியும்.

ஒன்று: சோப்பு மாதாமாதம் தீர்ந்துபோகும். மிக்ஸி விற்றால் ஒரு தடவைதான்.

இரண்டு: அடர்த்தியான திரவம் என்றால் பையில் தூக்கிப் போகலாம். கடை வேண்டாம், குடோன் வேண்டாம்.

மூன்று: சட்டை வெளுத்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆறு பிழைத்ததா என்று யார் பார்ப்பது? சோதிக்க முடியாத ஒன்றை நம்பித்தான் வாங்க வேண்டும். நம்பச் சொல்பவர் யார்? நம் மாமா, நம் அத்தை, நம் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரன்!

நான்கு: இதுதான் முக்கியம். பொதுவாகச் சொந்தக்காரரிடம் போய் "இதை வாங்குங்க" என்று கேட்க நமக்கு நாக்கு கூசும். பச்சை இலை அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடுகிறது. 'விற்கிறோம்' என்ற நினைப்பு போய், 'நல்லது செய்கிறோம்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நண்பனின் அம்மாவிடம் 6,000 ரூபாய் வாங்கியபோது எனக்குத் துளிகூடக் கூச்சமில்லை. நொய்யலைக் காப்பாற்றுகிறேன் அல்லவா!

லேப்பில் விழுந்த முடிச்சு

இரண்டாமாண்டில் எங்கள் கெமிக்கல் லேப்பில் அயோடின் – தயோசல்பேட் டைட்ரேஷன். பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட, குடுவையில் இருந்த பழுப்பு நிறம் மறைந்துகொண்டே வந்தது. பியூரெட்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மண்டபத்தில் நான் கை தட்டியது இதற்குத்தானே!

அயோடின் எங்கும் போகவில்லை, நண்பர்களே. அது அயோடைடு ஆகிறது. அயோடைடுக்கு நிறமில்லை, அவ்வளவுதான். தயோசல்பேட்டும் இதைச் செய்யும், வைட்டமின் சி-யும் செய்யும். நிறம் போயிற்று, பொருள் போகவில்லை. அழுக்கு எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, 'மக்கும் சோப்பு' என்பது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அதிசயமும் இல்லை. 1950-களில் வந்த சலவைத்தூளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. கிருமிகளால் அதை எளிதில் சிதைக்க முடியாததால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. 1965 வாக்கில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகைக்கு மாறினார்கள். நம் ஊர்க் கடைகளில் 'ஆசிட் ஸ்லரி' என்று விற்கிறார்களே, அது இந்த நேர்ச்சங்கிலி வகையைச் சேர்ந்ததுதான். அதாவது அண்ணாச்சி கடைப் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் மக்கக்கூடியதே!

எங்கள் வீட்டில் நானே அளந்து பார்த்தேன். ஒரு பக்கெட் துணிக்குப் பசுமைத் திரவம் 9 ரூபாய் ஆயிற்று. கடைத்தூள் 2 ரூபாய்.

இன்னொன்றும் உறைத்தது. எங்கள் கிணற்றைக் கெடுத்தது யார் வீட்டுச் சோப்பும் அல்ல. சாயம் ஏற்றப் பயன்படுத்திய உப்பு. சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அது ஊர் ஊராக விவசாயிகள் போராடி வந்த உத்தரவு. பாட்டில் வாங்கி வந்ததல்ல!

ஆறால் பெருக்குங்கள்

மேடையில் போட்ட கணக்கு இது: "நீங்க 6 பேரைச் சேருங்க. அவங்க ஆளுக்கு 6 பேர். நாலாவது படியில 1,296 பேர். தலைக்கு 50 ரூபாய்னா மாசம் 64,800!" அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நாம் நிறுத்த வேண்டாம்.

5-ம் படி: 7,776
6-ம் படி: 46,656
7-ம் படி: 2,79,936
8-ம் படி: 16,79,616
9-ம் படி: 1,00,77,696
10-ம் படி: 6,04,66,176

பத்துப் படிகளையும் கூட்டினால் 7,25,59,410. தமிழ்நாட்டின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, 7,21,47,030. தொட்டில் குழந்தையும் சேர்ந்தாலும் பத்தாம் படி நிரம்பாது!

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எந்தப் படியில் நின்றாலும் சரி, கடைசிப் படியில் இருப்பவர்கள் மொத்தத்தில் ஏறக்குறைய 83 சதவீதம். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது. அவர்கள் சோம்பேறிகள் என்பதாலா? இல்லை, பெருக்குத்தொடரின் குணம் அது. "உழைச்சா மேல வரலாம்" என்று மேடையில் சொல்வார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் கீழே இருந்தால்தான் அந்த மேடையே நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேரடி விற்பனை நம் நாட்டில் குற்றமல்ல. சரக்கை விற்று லாபம் பார்ப்பது நேர்மையான தொழில். ஆனால் ஆள் சேர்ப்பதற்கே காசு என்றால் கதை வேறு. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. அதன்படி திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேருவதும் குற்றம்தான்! 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு முறையைத் தடை செய்கின்றன. விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிக் கேட்காமலும் வீட்டுக்கு வரக்கூடாது என்றும் அவை சொல்கின்றன.

அமெரிக்காவிலும் 1979-ல் இதே கேள்விதான் எழுந்தது. ஆம்வே பிரமிடு அல்ல என்று வணிக ஆணையம் தீர்ப்பளித்தது. அங்கே ஆள் சேர்ப்பதற்காகப் பணம் இல்லை, விற்காத சரக்கைத் திரும்ப எடுக்கும் விதி இருந்தது என்பவை காரணங்கள். அதே தீர்ப்பில், வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது என்றும் உத்தரவிட்டது.

'பசுமை' என்று சொல்வதற்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. ஆதாரமில்லாமல் சுற்றுச்சூழல் பெருமை பேசும் விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 1991-லிருந்தே மண்பானை படம் போட்ட 'எகோமார்க்' முத்திரையும் இருக்கிறது. பச்சை இலையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்; மண்பானையை அப்படி அச்சடிக்க முடியாது.

ஆகவே தம்பி, தங்கைகளே, யாராவது பிளான் காட்ட வந்தால் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. யாரையும் சேர்க்காமல் சரக்கை மட்டும் விற்றால் எனக்கு என்ன கிடைக்கும்?
2. சேருவதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
3. விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எழுதித் தருவீர்களா?
4. இந்தச் சரக்கைக் கடையில் இந்த விலைக்கு வைத்திருந்தால் நானே வாங்குவேனா?

ஏமாந்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். நாம் வெட்கப்படுவதுதான் அவர்களுக்கு முதலீடு.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? முதலில் அந்த 600 ரூபாயை நண்பனிடம் கொடுத்தேன். மீதி 5,400-ஐ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங்கில் பரிமாறப் போய், ஒன்பது மாதத்தில் அடைத்தேன். கடைசித் தவணையை அவன் வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவன் அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "விடு கண்ணு, சோப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

உண்மைதான். சோப்பு நல்ல சோப்புதான். அதைப் பற்றித்தான் எங்களிடம் எல்லோரும் பேசினார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு