உண்ணிச்செடிக்குப் பூச்சி வைத்தியம்



சப்பாத்திக்கள்ளி நம்ம மேய்ச்சல் நிலங்களை அடைத்துக் கிடந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெட்டியும் கொளுத்தியும் அடங்காத அந்தக் கள்ளியை, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு பூச்சி சில ஆண்டுகளில் அடக்கிவிட்டது. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். நசுக்கினால் சிவப்பாய்ச் சாயம் வரும். இதன் பங்காளிப் பூச்சி ஒன்று 1795-லேயே இந்தியாவுக்கு வந்ததுதான். ஆனால் அது வேறொரு வகைக் கள்ளியைத் தின்றதே தவிர, இதைத் தொடவில்லை. பூச்சிக்கும் அவ்வளவு நாக்கு ருசி!

அப்படீன்னா உண்ணிச்செடிக்கும் ஒரு பூச்சியைக் கொண்டாந்து விடலாமே என்பீர்கள். விட்டால் அது நாளைக்கு நம்ம எள்ளுக்கொல்லையில் நுழையாதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் சோதனை. கூண்டுக்குள் பூச்சியை விட்டு, ஒரு பயிரின் தழையை மட்டும் வைப்பார்கள். தின்னாவிட்டால் பட்டினிதான். அடுத்து களையையும் பயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை நாடுகிறது என்று பார்ப்பார்கள். பசிக்கு நாலு கடி கடிப்பது பெரிசல்ல. அந்தப் பயிரிலே முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து, அடுத்த தலைமுறையும் எடுக்கிறதா என்பதே முக்கியம். களைக்கு நெருங்கிய சொந்தமான செடிகளில் தொடங்கி, தூரத்துச் சொந்தம் வரை இப்படிச் சோதிப்பார்கள்.

1941-ல் உண்ணியின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. டேராடூனில் அடைத்து வைத்துச் சோதித்தால், உண்ணிக்குச் சொந்தமான தேக்கின் பூவையும் ஒரு கை பார்த்தது! 1943-ல் இருப்பையெல்லாம் அழித்தார்கள். ஆனாலும் எப்படியோ தப்பியவை 1951-ல் வெளியே தென்பட்டன. நல்லவேளை, தேக்குக் காடு அழியவில்லை. உண்ணியும் அழியவில்லை, இலை கருகும், மழை பெய்தால் திரும்பத் துளிர்க்கும்.

இதே பூச்சி, ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் 1960-களில், உண்ணி கருகியதும் பக்கத்து எள்ளுக்குத் தாவியது. கூண்டுச் சோதனையோடு, களை தீர்ந்தபின் பூச்சி எங்கே போகும் என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பேன்.

ஆகவே பூச்சியை மட்டும் நம்பியிராமல், செடியைப் பழம் பிடிக்கும் முன்னே, மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரோடு வெட்டித் தலைகீழாய்க் கவிழ்த்துப் போடுங்கள். மேலே வெட்டினால் புதராய்க் கிளைக்கும். தழையை ஆடுமாடு தின்னாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம். வெட்டிய இடத்தில் முதல் மழைக்கே புல் விதையைத் தூவிவிடுங்கள்.