கட்டுக்குப் பின்னால் தெரியும் முகங்கள்... கண் ஆபரேஷனுக்குப் பிறகு மனசு படும் பாடு!

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுடன் படுத்திருக்கும் பெரியவர், நள்ளிரவில் எழுந்து ‘ரூம்ல யாரோ நிக்கிறாங்க’ என்கிறார். ‘தாத்தாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு’ என்று வீடே பதறும். ஆனால், மருத்துவ உலகுக்கு இது பழைய கதை.

ஒருகாலத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இரண்டு கண்களையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். அவர்களில் சிலர் இல்லாத ஆட்களுடன் பேசினார்கள், கட்டைப் பிய்த்தார்கள். இதற்கு ‘பிளாக் பேட்ச் டெலிரியம்’ என்றே பெயர். 1958-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஏவரி வைஸ்மேனும் தாமஸ் ஹேக்கெட்டும், டாக்டர் நோயாளியிடம் பேசிப் பழகி நம்பிக்கையை உண்டாக்குவதையே முக்கிய சிகிச்சையாகச் சொன்னார்கள்.

கண்ணை மூடினாலும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்களை 5 நாள்கள் கட்டிவைத்தார்கள். 10 பேருக்கு ஒளிப்புள்ளிகள், முகங்கள், இயற்கைக் காட்சிகள் எல்லாம் தெரிந்தன!

இன்று கண்புரை ஆபரேஷன் முடிந்த அன்றே வீடு திரும்பிவிடலாம். சிக்கல், விழித்திரை ஆபரேஷனில்தான். கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்தால், அது கரையும்வரை அந்தக் கண்ணில் எல்லாமே மங்கல். சிலர் நாள்கணக்கில் குப்புறக் கவிழ்ந்தே இருக்க வேண்டும். இன்னொரு கண்ணும் சரியில்லாதவர் என்றால் கேட்கவே வேண்டாம். பாத்ரூம் போகக்கூட ஆள் வேண்டும் என்ற கூச்சம், எரிச்சல், ‘பார்வை திரும்பாமலே போயிடுமோ’ என்ற பயம்... எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

வீட்டில் இருப்பவர்கள், தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். ‘நான்தாம்மா, காபி கொண்டுவந்திருக்கேன். மணி நாலாச்சு’ என்பது போதும். தண்ணீர் சொம்பை இடம் மாற்றாதீர்கள். காது மெஷின் போடுபவர் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பார்வையோடு கேட்பதும் போனால் பாதி உலகம் இல்லை. உருவம் தெரிகிறது என்றால் கேலி வேண்டாம். ஆனால், ஆளை அடையாளம் தெரியாமல் குழம்பினாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமித்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் விளைவு என வேறு காரணங்களும் இருக்கலாம். கண்ணில் கடும் வலி, திடீர் பார்வைக் குறைவு என்றால் காத்திருக்கவே கூடாது.

கட்டைப் பிரித்ததும் என்ன தெரியும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, நோயாளிக்கும் சொல்லிவையுங்கள். வாயுக்குமிழி சுருங்கும்போது, பார்வை மேலிருந்து தெளியும். தண்ணீர் மட்டம்போல ஒரு கோடு ஆடிக்கொண்டே தினமும் கொஞ்சம் கீழே இறங்கும். முன்கூட்டியே தெரிந்தவர், அதைப் பார்த்து நாளை எண்ண ஆரம்பிப்பார்.