மோட்டார் வண்டிக்கு ஒரு மறைவிசை

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே பொற்கொல்லன் காவலரை நோக்கிக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என எண்ணிக் காட்டுவான். அவற்றுள் மந்திரமும் மருந்தும் இக்காலத்திற்கு வேண்டா. இடம், காலம், கருவி என்னும் மூன்றே மோட்டார் வண்டித் திருடனுக்குப் போதியவை. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் கொட்டில் இல்லாத வீட்டார் தம் வண்டிகளை இரவு முழுதும் தெருவோரத்தே நிறுத்துகின்றனர். விமானப்படை நிலையத்தின் வாயிலிற் காவல் உண்டு, தெருமுனையில் இல்லை. ஆகவே இடத்தை மாற்றுதல் அரிது. கருவியோ எவர்க்கும் கிடைப்பது. எஞ்சியது காலம் ஒன்றே. திருடனுக்கு வாய்த்த சில நிமிடங்களை வீணாக்கும் எளிய அமைப்பொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சாவியினுள் நுண்சில்லு ஒன்றை வைத்து, அதனை வண்டி அறிந்தாலன்றி இயந்திரம் இயங்காதவாறு செய்யும் ஏற்பாட்டை ஜெர்மனி 1998ஆம் ஆண்டிலும் ஆஸ்திரேலியா 2001ஆம் ஆண்டிலும் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கின. அஃது இல்லாத ஹூண்டாய், கியா வண்டிகள் பல, 2021, 2022ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு யு.எஸ்.பி. கம்பியின் முனைகொண்டே கவரப்பட்டன. நம் தெருக்களில் இன்னும் ஓடும் பழைய மாருதி 800 போன்ற வண்டிகளுக்கே மறைவிசை பெரிதும் பயன்படும்.

இதற்கு உறுப்பாவது ரிலே என்னும் சிறு பெட்டி. அதனுள்ளே கம்பிச்சுருள் ஒன்றும் இரும்புத் தகடு ஒன்றும் உள. சுருளில் மின்சாரம் பாயின் அது காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு இழுபடவே வேறொரு கம்பியில் பெருமின்னோட்டம் செல்ல வழி உண்டாகும். ஜோசப் ஹென்றி என்பார் 1835ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். பின்னர்த் தந்தித் துறைக்கு உதவிற்று. ஓடிக் களைத்த குதிரைக்குப் பதிலாக வழியிடையே நிறுத்திய புதுக்குதிரையின் பெயரே இதற்கு ஆயிற்று. அப்பொருளுக்குத் தமிழில் அஞ்சல் என்னும் நல்ல சொல் உண்டு. ஆயினும் பட்டறையிற் சென்று அஞ்சல் வேண்டுமென்பார்க்குத் தபாலாபீசுக்கே வழி காட்டுவர்.

சுவிச்சு ஒன்றையே நேராக இணைத்தால் என்னை எனின், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் சிறு சுவிச்சின் முனைகளைக் கருக்கிவிடும். ரிலேச் சுருளோ 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.15 ஆம்பியரே கொள்ளும். ஆதலின் மெல்லிய கம்பி போதும். மெல்லிய கம்பியை எங்கும் மறைக்கலாம்.

முதலிற் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுக. சாவித்துளையிலிருந்து ஸ்டார்ட்டரை ஏவச் செல்லும் கம்பியை வெட்டி, ஒரு நுனியை ரிலேயின் 30ஆம் முனையிலும் மற்றதை 87ஆம் முனையிலும் பூட்டுக. சாவி திருப்பிய பின்னரே மின்சாரம் பெறும் கம்பியொன்றிலிருந்து சிறு பியூஸ் வழியாக 86க்கு இணைப்புத் தருக. 85லிருந்து மறைந்த சுவிச்சுக்கும், அங்கிருந்து வண்டியின் உடலிரும்புக்கும் கம்பி செல்லும். சுவிச்சைப் போடாதவரை, சாவியைத் திருப்பினும் வண்டி வாய் திறவாது. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பைக் கம்பிகளை மட்டும் தொடுதல் ஆகாது.

பெட்ரோல் பம்பின் கம்பியை வெட்டுவதே சிறப்பென்பாரும் உளர். திருடன் சிறிது தூரம் சென்று நடுவழியில் நிற்பான் என அவர் மகிழ்வர். இதற்கு யாம் உடன்படோம். இணைப்பு ஒன்று தளர்ந்தால் அவ்வாறு நிற்பவர் வண்டிக்குரியவரே. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரிகளினிடையே இயந்திரம் அணைந்தால் பவர் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கின் துணைவிசையும் இரண்டொரு மிதியில் தீரும். திருடனே சிக்கினும் அவன் உயிரும் உயிரன்றோ? அவன் பின்னே வரும் சைக்கிள்காரர் என்ன பிழை செய்தார்? ஸ்டார்ட்டர் வழியில் வைத்த ரிலே பழுதுபடின், நின்ற வண்டி நிற்கும். ஓடும் வண்டி அணையாது.

கியர் வண்டியை இருவர் தள்ளி இயக்கலாம், இழுவை வண்டியிற் கட்டியும் கொண்டுபோகலாம் என்பது உண்மையே. ஆயினும் நள்ளிரவில் வண்டி தள்ளுவாரைக் கண்டு நாய்கள் வாளா இரா.

சுவிச்சை எங்கே மறைப்பது? ஸ்டியரிங்கின் கீழே வேண்டா. திருடன் கை முதலிற் செல்வது அங்கே. அதற்குமேல் யாம் எழுதின் அவ்விடம் மறைவிடம் ஆகாது. வண்டியைப் பழுதுபார்க்க விடும் நாளில் சுவிச்சைப் போட்டபடியே விட்டுவருக. எவரிடமும் சொல்ல நேராது.