உங்களுக்குத் தெரியுமா? 250 வோல்ட் ரிலே, டி.சி.யில் 30 வோல்ட்தான்!

250 வோல்ட் ஏ.சி.யில் 10 ஆம்பியரைத் துண்டிக்கும் சிறு ரிலேக்கு, டி.சி.யில் பெரும்பாலும் 30 வோல்ட்தான் வரம்பு. வீட்டு ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடும். தொடுமுனைகளுக்கிடையே எழும் தீப்பொறி அப்போது தானே அணைந்துவிடும். டி.சி.க்கு அந்த ஓய்வே இல்லை. 1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடத் தொடங்கிய மின்ரயிலுக்குக் கொடுத்தது 1,500 வோல்ட் டி.சி.; மேஜை மேல் பவர் சப்ளை கட்டுபவருக்கும் அதே சிக்கல்தான், அளவு மட்டுமே சிறிது.

மின்னோட்டம் மிஞ்சினால் ரிலேயைத் துண்டிக்கும் நிரலை வேகமாக இயங்கும்படி எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது: மைக்ரோகன்ட்ரோலர் மைக்ரோ நொடிகளில் முடிவெடுத்தாலும், ரிலே விலகச் சில மில்லி நொடிகள் ஆகும். ஆகவே ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட்டால் துண்டியுங்கள், துண்டித்ததைத் தானாக மீண்டும் இயங்க விடாதீர்கள்.