பூட்டிய வீடும் காங்கிரஸ் செடியும்



2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஆண்டர்சன்பேட்டைக் குடும்பங்கள் பல பிழைப்புக்காகப் பெங்களூரை நாடின. சிலர் விடியற்கால ரயிலில் சென்று இரவில் திரும்புகின்றனர். சிலரோ வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே குடியேறிவிட்டனர். பூட்டிய வீட்டின் முற்றமும் காலி மனையும் ஒரு மழைக்குப்பின் என்ன ஆகின்றன என்பதைச் சிந்தித்ததுண்டா?

அங்கே முதலில் தலைகாட்டுவது பார்த்தீனியம். நம் ஜனங்கள் ‘காங்கிரஸ் செடி’ என்பர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இக்களை, 1955-இல் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவியது. ஒரே செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. காற்றும் மழைநீரும் வண்டிச் சக்கரங்களும் அவற்றைச் சுமந்து செல்லும். ஆகவே உங்கள் மனையில் பூத்தது உங்கள் வேலிக்குள் நிற்பதில்லை. அதன் மகரந்தம் அயலாருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் வருவிக்கும். செடி பட்ட தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாகும். சுரங்கத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்ட முதியோர் வாழும் ஊர் இது என்பதை மறவாதிருங்கள்.

கர்நாடக அரசு 1968-ஆம் ஆண்டின் விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டத்தின்கீழ் 1975-இல் பார்த்தீனியத்தைத் தீங்கான களையாக அறிவித்தது. அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டுகள் 1984-இல் பெங்களூரில் விடப்பட்டன. ஆயினும் களை ஒழியவில்லை. சட்டமும் வண்டும் செய்யாததை நிலத்துக்கு உரியவரே செய்தாக வேண்டும்.

செய்யவேண்டியது கடினமன்று. மழை பெய்து மண் ஈரமாயிருக்கையில், பூப்பதற்கு முன்னரே வேரோடு பிடுங்குங்கள். கையுறை அணியுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் விலகியிருக்கட்டும். பூத்தபின் பிடுங்கி உதறினால் விதையை நீங்களே விதைத்தவர்களாவீர்கள். பாதையோரத்திலும் மதிலோரத்திலும் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாதாரண உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். தோட்டத்தில் தெளித்தால் மண் கெடும். மண்ணில் கிடக்கும் விதை மறுபடியும் முளைக்குமாதலால், ஒருமுறை செய்து ஓய்ந்துவிடலாகாது.

வெளியூரில் இருப்போரே, சகோதரர்கள் கூடிப் பங்கிட்டு, உள்ளூர்க் கூலியாள் ஒருவரை மழைக்காலத்தில் மாதந்தோறும் ஏற்பாடு செய்யுங்கள். அயலாரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். பாம்பு வந்தபின் அவர்கள் உங்களைத் தேடி அலையும்படி விடாதீர்கள்.

நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்தில் ஞானி ஒருவன் சோம்பேறியின் வயலைக் கடந்து செல்கிறான். முட்களைக் கண்டு புத்தியடைகிறான். உங்கள் மனையைக் கடந்து செல்வோர் எதைக் காண்கிறார்கள்? அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, பையில் ஒரு ஜோடி கையுறையும் இருக்கட்டும்.