கிழித்துப் போடாத காலண்டர் தாள்

சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டி என்று ஓர் ஊர். வானம் பார்த்த பூமி. சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள். விடிந்ததும் ஆலை வண்டி வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறிப் போவார்கள். பொழுது சாயும் நேரம் திரும்புவார்கள்.

இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். அதில் அதிசயம் இல்லை. நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுப்பது சிவகாசிதானே!

1922-ம் வருடம் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு சும்மா இருக்குமா? காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அச்சாகத் தொடங்கின. இன்றும் ஆடிப் பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம்.

தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்துக் கசக்கி எறிகிறார்கள். ஆனால் வீட்டில் பிள்ளை பிறந்த அன்று மட்டும் அந்தத் தாள் குப்பைக்குப் போவதில்லை. மடித்து, மஞ்சள் தடவி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். ஏன்?

அந்தச் சின்னத் தாளில் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம். நட்சத்திரம் எத்தனை மணி வரைக்கும் என்பதும் இருக்கும். பிள்ளை பிறந்த நேரத்தைப் பின்பக்கம் எழுதிவிட்டால் போதும். ஜாதகம் எழுத, பிறந்த ஊரைத் தவிர ஜோசியர் வேறு எதுவும் கேட்க மாட்டார். நேரத்தை எழுத மறந்தால்தான் வம்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு நட்சத்திரம் மாறியிருந்தால், ஆறரைக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒன்று, ஏழரைக்குப் பிறந்த பிள்ளைக்கு வேறொன்று!

சர்க்கார் கணக்கு தனி. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ம் வருடச் சட்டம். பெயர் வைக்காமலே பதிந்திருந்தாலும் ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர, ஓட்டர் பட்டியலில் ஏற எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். காலண்டர் தாளை அங்கே நீட்ட முடியாது.

இரண்டு பிறந்த நாள்

பிள்ளைகள் கதை இப்படி. பெரியவர்கள் கதை என்ன?

"அப்பத்தா, நீங்க எப்போ பிறந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அது யாருக்குத் தாயி தெரியும்? பராபவ வருசம்னு எங்க ஆத்தா சொல்லும். ஆடி மாசமாம்" என்று பதில் வரும்.

கிழவிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் சொன்னது சரியான கணக்கு. தமிழ் வருடங்களுக்கு 60 பெயர்கள். 60 வருடம் கழித்து அதே பெயர் திரும்ப வரும். 1966 சித்திரையில் தொடங்கியது பராபவ வருடம். 2026 சித்திரையில் அதே பராபவ திரும்பி வருகிறது. அதனால்தான் அறுபதாம் கல்யாணத்துக்கு அத்தனை மதிப்பு. பிறந்த வருடமே மறுபடியும் வீட்டுக்கு வருகிறது அல்லவா! வசதி உள்ளவர்கள் திருக்கடையூருக்குப் போய்ச் செய்துகொள்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே மாலை மாற்றி, பேரன் பேத்திகளுக்குப் பாயசம் ஊற்றுகிறார்கள்.

வருடத்தின் பெயரும் தெரியாதவர்கள் உண்டு. அவர்களிடம் ஊரறிந்த சம்பவத்தை வைத்துக் கேட்க வேண்டும். தனுஷ்கோடிப் புயல் அடித்தது 1964 டிசம்பர். விருதுநகர் தொகுதியில் காமராசர் தோற்றது 1967. அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2-ந் தேதி. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24-ந் தேதி. "அப்போ நான் கைப்பிள்ளைக்காரி" என்று பாட்டி சொன்னால், மூத்த மகனின் வயது தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வேறு வேடிக்கை. அந்தக் காலத்தில் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது! வாத்தியாரே ஒரு பிறந்த தேதியைப் போட்டுக்கொள்வார். இதனால் பல பெரியவர்களுக்குப் பெற்ற தாய் சொன்ன தேதி ஒன்று, வாத்தியார் போட்ட தேதி ஒன்று.

மொய் நோட்டு

கல்யாணம், காதுகுத்து, பெண் சடங்கு, வீடு பால் காய்ச்சு எதுவானாலும் பந்தலில் ஒரு மேஜை போட்டு இருவர் உட்காருவார்கள். ஒருவர் பணம் வாங்குவார். மற்றவர் எழுதுவார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் இல்லாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அன்று ராஜ மரியாதை!

இதைக் கடன் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கடன் கணக்குத்தான். கொடுத்தவர் இறந்து போனாலும் மொய் இறப்பதில்லை. அவர் மகன் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் சரித்திரமே அந்த நோட்டில் இருக்கிறது.

ஊரில் ஐந்து மாரியப்பன் இருந்தால் வெறும் மாரியப்பன் என்று எழுத முடியாது. "மேலத்தெரு மாரியப்பன்", "வண்டிக்கார மாரியப்பன்", "சாத்தூர் மாரியப்பன்" என்று எழுதுவார்கள். ஊர், தெரு, தொழில், பட்டப்பெயர் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். பழைய நோட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று இருக்கும். பிற்கால நோட்டில் 101, 501 என்று ஏறும். ஒரே ஊர்ப் பெயர் வரிசையாக வந்தால், அங்கேதான் பெண் கொடுத்திருக்கிறார்கள் அல்லது எடுத்திருக்கிறார்கள். ஒரு நோட்டில் இருந்த குடும்பம் அடுத்த நோட்டில் இல்லையென்றால், பேச்சுவார்த்தை அறுந்து போயிருக்கிறது. காரணம் பாட்டிக்குத்தான் தெரியும். அவள் சொல்ல மாட்டாள்!

இத்தனை இருந்தும் வீட்டை வெள்ளையடிக்கும்போது முதலில் பழைய பேப்பர்க்காரனுக்குப் போவது இந்த நோட்டுத்தான். மொய் எல்லாம் திருப்பிச் செய்தாகிவிட்டது, இனி எதற்கு என்கிறார்கள். இது பெரிய நஷ்டம்.

கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான். பாட்டன், பூட்டன் பெயர் வேண்டுமா? பழைய பத்திரிகையைப் புரட்டினால் போதும். "காலஞ்சென்ற" என்று ஒரு சொல் முன்னால் இருந்தால், அவர் அந்தக் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார் என்று தெரியும்.

ஆனால் ஒரு குறை. பழைய பத்திரிகைகளில் ஆண்கள் பெயர் அடுக்கடுக்காக இருக்கும். பெண்கள் பெயர் பல இடங்களில் இருக்காது. மொய் நோட்டிலும் புருஷன் பெயரில்தான் எழுதுவார்கள். பாட்டியின் பெயர் பேரனுக்குத் தெரியும். பாட்டியைப் பெற்றவளின் பெயர்? அவள் பிறந்த ஊர்? இரண்டே தலைமுறையில் மறைந்துவிடுகிறது.

படம் இல்லாத முகம்

பட்டாசுப் பூமியில் இது சின்ன விஷயம் இல்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். 2023 அக்டோபர் 17-ந் தேதி எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் விபத்து. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

காலையில் போன தாய் மாலையில் வரவில்லை என்றால், வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கு அவளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மாலை போட்டு வைக்கத் தனியாக ஒரு படம் இல்லாத வீடுகள் இன்னமும் உண்டு. ஓட்டர் அட்டையில் உள்ள மங்கலான முகத்தைப் பெரிதாக்குகிறார்கள். அல்லது யார் வீட்டுக் கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்று எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள்.

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போது பிள்ளையைப் பத்துப் படம் எடுக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவள் பந்தியில் பரிமாறிக்கொண்டு நிற்பாள். அவளையும் கூப்பிட்டு நிறுத்தி ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எடுத்த படம் கைப்பேசியிலேயே இருந்தால், கைப்பேசி உடைந்த அன்று படமும் போய்விடும். ஒரு பிரதி போட்டு வைப்பது நல்லது. கலர்ப் படத்தை வெயில் படும் சுவரில் மாட்டினால் சாயம் வெளுக்கும். பசை ஒட்டிய ஆல்பம் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேன் படம் சூடு பட்டால் கறுத்துவிடும். பிறந்த நாள் காலண்டர் தாள் மெல்லிய காகிதம். அதை ஒரு நோட்டின் நடுவே விரித்து வைத்தால் மடிப்பில் கிழியாது.

படத்தின் பின்பக்கம் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெதுவான பென்சிலால் லேசாக எழுத வேண்டும். முதலில் அவள் பெயர். அடுத்து அவள் பிறந்த ஊர். பிறகு அவளைப் பெற்றவளின் பெயர்.